சிவன் சொத்தும் வீட்டுக் குப்பையும்

சிவமயம்

"சிவன் சொத்துக் குல நாசம்" என்பது ஊரிலே சிறு பிள்ளையும் அறிந்த முதுமொழி. கோயில் வளவுத் தென்னையில் இருந்து விழுந்த தேங்காயைத் தன் வீட்டுக் குசினிக்குக் கொண்டு போக எவரும் துணிவதில்லை. சிவாலய வழிபாட்டை நிறைவு செய்யும் அடியார்கள் சண்டேசுரர் சந்நிதியில் நின்று மெல்லக் கைகளைத் தட்டி விடைபெறுவார்கள். "இறைவனுக்குரிய பொருள் எதனையும் கொண்டு செல்லவில்லை, கைகள் வெறுங்கைகளே" என்று காட்டுவதாக அதற்குப் பெரியோர் பொருள் சொல்வார்கள்.

ஆனால் அதே கைகள் கோயில் வாசலைத் தாண்டியதும் கற்பூரம் சுற்றி வந்த பொலித்தீன் உறையை வீதியில் விடுகின்றன. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிளாஸ்ரிக் குவளை வேலியோரத்தில் விழுகிறது. கோயிலில் இருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்று அறிந்த சைவ உலகம், கோயிலிலும் ஊரிலும் எதனை விட்டுச் செல்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சிவன் சொத்து எது?

சிவபெருமானின் சொத்து திருமதிலுக்குள்ளே மட்டும் இருப்பதாக எண்ணுவது முழுமையான சைவ அறிவு ஆகாது. இறைவனை அட்டமூர்த்தி என்று சைவம் போற்றுகிறது. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்னும் ஐம்பூதங்களும், சூரியன், சந்திரன், ஆன்மா என்பனவும் ஆகிய எட்டும் அவனுடைய திருவடிவங்கள். காஞ்சியிலே நிலமாகவும், திருவானைக்காவிலே நீராகவும், திருவண்ணாமலையிலே தீயாகவும், திருக்காளத்தியிலே காற்றாகவும், சிதம்பரத்திலே ஆகாயமாகவும் அவன் வழிபடப்படுகின்றான். அத்தலங்களைத் தரிசிக்கக் கடல் கடந்து யாத்திரை போகும் அடியார்கள் பலர்.

திருவானைக்காவில் நீரே சிவம் என்றால், சொந்த வளவுக் கிணற்றில் ஊறும் நீர் வேறு யாருடையது? காஞ்சியில் மண்ணே சிவம் என்றால், வாழைப் பாத்தி மண் எவருடையது? வளவுக்கு உறுதி எழுதி வைத்திருப்பவர் அந்த நிலத்துக்கு உரிமையாளர் என்று அரசாங்கப் பதிவு சொல்லும். சமயம் சொல்வது வேறு. கோயிலின் காணிக்கும் நகைக்கும் தர்மகர்த்தா எப்படி உரிமையாளர் அல்லரோ, காவலர் மட்டுமேயோ, அப்படியே ஒவ்வொரு குடும்பத் தலைவனும் தலைவியும் தம் வளவின் மண்ணுக்கும் நீருக்கும் காவலர்கள். முன்னிருந்தவர் ஒப்படைத்ததைக் குறைவின்றிப் பின்வருபவரிடம் ஒப்படைப்பதே காவலரின் கடமை. கணக்கில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த முறையிலே பார்த்தால் கிணற்றைக் கெடுப்பதும் சிவன் சொத்தைக் கெடுப்பதே. அதனால் வரும் நாசம் குலத்துக்கே வருகிறது. பேரப்பிள்ளை குடிக்க வேண்டிய தண்ணீர் அது.

பழக்கம் பழையது, பொருள் புதியது

முன்னைய தலைமுறையினர் குப்பையே போடவில்லை என்று சொல்வது சரியன்று. அவர்களும் போட்டார்கள். வாழையிலையில் உண்டு இலையைக் கோடியில் எறிந்தார்கள். ஆடிப்பிறப்பன்று பனையோலைப் பிளாவில் கூழ் குடித்துவிட்டு அதனை வேலியடியில் போட்டார்கள். சந்தைக்குப் போகும்போது பன்பையும் கடகமும் சென்றன. மீன் வாங்கியவர் உமலில் வாங்கினார். கடகம் பழுதானால் எருக்கும்பியில் விழுந்தது. பிட்டு அவித்த நீத்துப்பெட்டியும், அரிசி புடைத்த சுளகும், சிரட்டை அகப்பையும், ஈர்க்கு விளக்குமாறும் மண்ணில் இருந்து வந்து மண்ணுக்கே திரும்பின. பூவரசங் குழை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கியது. மீதி கீரைப் பாத்திக்குப் போனது. மரக்கறித் தோலும் அரிசி கழுவிய நீரும் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கழுநீர் ஆயின.

எறிந்ததெல்லாம் உக்கிப் போனதால், எறிவது ஒரு குற்றமாக எவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. கையில் உள்ள பொருள் மாத்திரம் மாறிவிட்டது. வாழையிலை இருந்த இடத்தில் லஞ்ச் சீற் வந்தது. உமல் இருந்த இடத்தில் சொப்பிங் பை வந்தது. பிளா இருந்த இடத்தில் பிளாஸ்ரிக் குவளை வந்தது. கை மாத்திரம் பழைய பழக்கத்தின்படி கோடிப்புறத்துக்கு எறிகிறது. பொலித்தீன் இலையைப் போல உக்குவதில்லை. வெயிலில் காய்ந்து, நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி மண்ணோடும் நீரோடும் கலக்கிறது. அத்தகைய துகள்கள் மனித இரத்தத்திலேயே இருப்பதை 2022 ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர்.

இன்னொன்றும் உண்டு. அதிகாலையில் முற்றம் கூட்டி, சாணம் தெளித்து, கோலம் இடும் சைவ வீடுகளின் துப்பரவு உலகறிந்தது. ஆனால் அந்தத் துப்பரவு பல வேளைகளில் வேலியோடு நின்றுவிடுகிறது. வளவுக்குள்ளே இருந்து கூட்டி எடுத்தது ஒழுங்கைக்கு வருகிறது. அல்லது உரியவர் வெளிநாட்டில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் அயல் வளவுக்குள் விழுகிறது. ஆளில்லா வளவுகள் பல இப்படித்தான் குப்பைமேடுகள் ஆகின. தன் முற்றத்தைக் கூட்டி அயலான் முற்றத்தில் கொட்டுவது துப்பரவு அன்று, இடமாற்றம் மட்டுமே.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பயிருக்கும் நிலத்தடி நீரே கதி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அந்த நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஓர் ஆடை போல மிதந்து நிற்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. மேலுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறிவிடும். ஏறிய உவரை மீண்டும் கீழே இறக்குவது எளிதன்று.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் உடம்பின் களைப்பே ஓர் அளவாக இருந்தது. இன்று ஆளியைத் தட்டினால் நீரிறைக்கும் இயந்திரம் ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் நிறுத்த ஆளில்லை. 2024 ஆம் ஆண்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மிகுந்த பொருட்செலவிலும் மின்சாரத்திலும் கடலில் இருந்து நன்னீர் பிரித்தெடுக்க வேண்டிய நிலைக்குக் குடாநாடு வந்துவிட்டது என்பதை எண்ணினால், கிணற்றடியில் வீணே ஓடும் ஒவ்வொரு வாளி நீரின் பெறுமதியும் விளங்கும்.

மண்ணுக்குள் புதைந்த பொலித்தீன் இந்த நீருக்கு இரண்டு விதத்தில் பகையாகிறது. மழை கீழே இறங்கும் வழியைத் தடுப்பது ஒன்று. வாய்க்காலையும் மதகையும் அடைத்து, நிலத்துக்குள் போக வேண்டிய மழைநீர் வீட்டுக்குள் வரச் செய்வது மற்றொன்று. சுண்ணக்கல் நிலத்தின் மேல் உள்ள மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. ஆகையால் மேலே கொட்டப்படும் பழைய எண்ணெய், பற்றரிக் கழிவு, அளவுக்கு மிஞ்சிய உரம், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலகூடக் குழியின் அழுக்கு ஆகிய யாவும் விரைவில் நீரைச் சென்றடைகின்றன. ஒரு வீட்டுக் கிணறும் அயல் வீட்டுக் கிணறும் மேலே வேலியால் பிரிந்திருக்கின்றன. கீழே ஒரே நீர். அங்கே சாதியும் இல்லை, வழக்கும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை.

தீயும் காற்றும்

மாலையில் கூட்டிய குப்பையைக் கொளுத்திவிடுவது கிராம வழக்கம். சருகு மட்டும் எரிந்த காலத்தில் அந்தப் புகை நுளம்பை விரட்டியது. இன்று அந்தக் குவியலில் பொலித்தீனும், பிளாஸ்ரிக் போத்தலும், பழைய வயரும் சேர்ந்து எரிகின்றன. இவை குறைந்த வெப்பத்தில் எரியும்போது நச்சு வாயுக்கள் வெளிப்படுகின்றன. டயொக்சின் எனப்படும் நஞ்சு அவற்றுள் கொடியது; புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. முதலில் அதனைச் சுவாசிப்பவர் நெருப்பருகே நிற்கும் தாயார். அடுத்தவர் திண்ணையில் இழுப்போடு இருக்கும் அப்பு. அடுத்தது தொட்டிலில் கிடக்கும் குழந்தை.

அக்கினியைத் தேவர்களின் வாய் என்று வேத மரபு கூறும். ஓமகுண்டத்தில் நெய்யும் சமித்தும் இடுபவர்கள், அதே அக்கினியின் வாயில் வீட்டுக் கோடியில் நஞ்சை ஊட்டலாமா? பிளாஸ்ரிக் உட்பட்ட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பர் 1 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் மூலம் சட்டப்படியும் தடை செய்யப்பட்டது.

கோமாதாவும் கொடிய நோயும்

பட்டிப் பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சூட்டி, பொங்கல் ஊட்டி வணங்குவது சைவ மரபு. அடுத்த நாள், பழத்தோலையும் மிஞ்சிய சோற்றையும் சொப்பிங் பையில் போட்டு இறுக முடிந்து வீதியோரத்தில் வைக்கிறார்கள். பசுவுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. வாசனை பிடித்து வரும் அது பையோடு சேர்த்து விழுங்குகிறது. பொலித்தீன் செரிப்பதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் இரைப்பையில் திரண்டு கட்டியாகி, தீனுக்கு இடமின்றிப் பசுவை மெலிவித்து ஈற்றில் கொன்றுவிடுகிறது. பசு வதை மாபாவம் என்று கொதிப்பவர்கள், முடிச்சுப் போட்ட அந்தப் பையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

யோகட் கோப்பை, சிரட்டை, பழைய ரயர், ரின் முதலியவற்றில் மழைநீர் தேங்கினால், டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு அங்கே முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் முட்டை நுளம்பாகிறது. நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் உயிர்க்கும். ஆகவே நீரை ஊற்றினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரையில் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோலக் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். புத்தாண்டுப் பலகாரத்தோடு இருந்த குடும்பங்கள் அவை. அந்த மலையை ஒரு பகைவனும் கட்டவில்லை. ஆயிரமாயிரம் குசினிகளில் இருந்து நாள்தோறும் போன சிறு சிறு பைகளே அந்த மலை.

அடியார்கள் காட்டிய வழி

சைவத்தின் நாற்பாதங்களில் முதலாவதாகிய சரியைக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் திருநாவுக்கரசு நாயனார். பாடலால் இறைவனைப் பரவிய அப்பெருமான், கையிலே உழவாரப்படை தாங்கித் திருக்கோயில் வீதிகளிலே புல்லும் முள்ளும் செதுக்கினார். முதிர்ந்த வயதிலும் அத்தொண்டை விடவில்லை. திருப்புகலூரிலே உழவாரப்படை பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றச் செய்து இறைவன் சோதித்தபோது, அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே கருதி வாரி அகற்றினார் என்று பெரியபுராணம் கூறும். துப்பரவுப் பணி இழிந்த பணி அன்று, அது முத்திக்கு வழியாகிய திருத்தொண்டு என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டியதில்லை. இன்று கோயில் வீதியில் உழவாரப் பணிக்கு இறங்கினால் படையின் நுனியில் அகப்படுவது புல்லைவிடப் பொலித்தீனே அதிகம். அப்பர் பெருமானின் குருபூசை சித்திரைச் சதயத்தில் வருகிறது. அன்றைய தினம் பூசையோடு வீதிப் பணியும் நடந்தால் அதுவே அவருக்கு உகந்த பூசையாகும்.

இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு இல்லறத்தாருக்கு உரியது. செல்வம் குன்றிய காலத்தில், மழை கொட்டும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வாசலுக்கு வந்தார். வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தால் அமுது ஆக்கலாம் என்றார் மனைவியார். நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக் கொண்டு இருளிலே சென்று, சேற்றிலே தடவி, வெள்ளத்தில் மிதந்த நெல்லைக் கோலி வாரி வந்தார். விறகு இல்லை, கூரையின் வரிச்சுகளை அறுத்து விழுத்தினார். கறிக்குக் குழியில் முளைத்த கீரையைப் பறித்தார். அந்த ஒரே கீரையை அம்மையார் பல கறிகளாகச் சமைத்தார். வந்தவர் சோதி வடிவாகத் தோன்றினார்.

விருந்தோம்பலின் பெருமையைச் சொல்லும் இவ்வரலாறு இன்னொன்றையும் உணர்த்துகிறது. அந்த வீட்டிலே சேற்றில் கிடந்த நெல்மணிக்கும் மதிப்பு இருந்தது. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. கருமி தனக்காகப் பொருளைப் பூட்டி வைப்பான். சிக்கனமுள்ளவன் பொருளின் அருமை அறிந்து வீணாக்காமல் காத்து, வேண்டியவருக்கு முழு மனத்தோடு கொடுப்பான். மாற நாயனார் இல்லத்தில் இருந்தது அந்தச் சிக்கனம்.

இல்லத்திலே செய்யத்தக்கன

பெருஞ்செலவோ பெருங்கல்வியோ இன்றி எந்தக் குடும்பமும் கைக்கொள்ளத்தக்க சில ஒழுங்குகள் பின்வருமாறு:

1. கடைக்குப் போகும்போது துணிப்பை அல்லது பன்பை உடன் செல்ல வேண்டும். சைக்கிள் கைபிடியில் ஒன்று எப்போதும் தொங்கினால் மறதிக்கு இடமில்லை. 20 மைக்ரோன் மற்றும் அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன் 2007 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பை இலவசமாக வழங்கப்படக் கூடாது என்ற விதியும் வந்துள்ளது. சட்டம் வரும் முன்னரே சந்தைக்குக் கடகம் கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிய பாடம் அன்று.

2. வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். உக்குவது ஒன்று, போத்தல், ரின், கடதாசி போன்று மீண்டும் பயன்படுவது ஒன்று, பழுதான மின்குமிழ், பற்றரி, காலாவதியான மருந்து போன்று தீங்கானது ஒன்று. கலந்தால்தான் அது குப்பை. பிரித்தால் அதில் பெரும் பகுதி பொருள். பிரதேச சபை வண்டி வரும்போது பிரித்தே கொடுக்க வேண்டும்.

3. வீட்டுக் கழிவில் பாதிக்கு மேற்பட்டது உக்கக் கூடியது. வளவின் நிழலான மூலையில் ஒரு குழி அல்லது கும்பி போதும். அடியில் பொச்சு மட்டையும் காய்ந்த சருகும், அதன் மேல் மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ, அதன் மேல் சிறிது சாணம் அல்லது மண், மீண்டும் சருகு. பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதுமானது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் மண்வாசனையுள்ள கரிய பசளை கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சருகு சேர்த்தால் தீரும்.

4. சமைக்கும் முன் எத்தனை பேர் உண்பார்கள் என்று கேட்டுச் சமைக்க வேண்டும். மிஞ்சிய சோறு காலையில் பழஞ்சோறாகலாம். மீதி காகத்துக்கும் பசுவுக்கும் உரியது. எதுவும் பையில் முடியப்படக் கூடாது.

5. பாத்திரம் கழுவும் நீரும் குளிக்கும் நீரும் வாழைக்கும் தென்னைக்கும் போகும்படி வாய்க்கால் அமைக்க வேண்டும். ஒழுகும் குழாயை அன்றே திருத்த வேண்டும். மாரியில் கூரை நீரைத் தொட்டியில் சேர்ப்பதும், மிகுதியை வளவிலேயே குழி வெட்டி நிலத்துள் இறக்குவதும் கிணற்றுக்குச் செய்யும் அபிடேகமாகும்.

6. ஞாயிறுதோறும் பத்து நிமிடம் வளவைச் சுற்றி வந்து, நீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்க்க வேண்டும். வீட்டின் சிறுவர்கள் இதனை விளையாட்டாகவே செய்வார்கள்.

7. நீத்துப்பெட்டி, சுளகு, ஓலைப்பெட்டி, பிரம்பு இடியப்பத் தட்டு என்பன மீண்டும் குசினிக்கு வர வேண்டும். பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. பனையோலைப் பொருள் வாங்கினால் வீட்டில் இருந்து பின்னும் பெண்ணுக்கு வருமானமும் ஆகும்.

இந்த வேலை முழுவதும் இல்லத்தரசியின் தலையில் விழக்கூடாது என்பதும் சொல்லப்பட வேண்டும். விடியமுன் எழுந்து விளக்கு அணையும் வரை வேலை செய்யும் அவளிடம் "நீ பிரித்துப் போடு" என்று சொல்லிவிட்டுக் கணவன் பத்திரிகை விரிப்பது அறம் ஆகாது. பை கொண்டு கடைக்குப் போவது ஆண்கள். கும்பியைக் கிளற வலுவுள்ளவர்கள் வளர்ந்த பிள்ளைகள். மாற நாயனார் நெல் வாரவும் வரிச்சு அறுக்கவும் தாமே போனார் என்பது மறக்கத்தக்கதன்று.

அவ்வாறே, அன்றாடக் கூலிக்குச் சிறு பைக்கற்றில் பொருள் வாங்கும் ஏழைக் குடும்பத்தைக் குறை சொல்வதும் தகாது. வசதி உள்ளவரிடமே குப்பையும் அதிகம். ஆகையால் பொறுப்பும் அதிகம்.

திருவிழாக் காலத்திலே

வீட்டில் பழகியது கோயிலில் வெளிப்படும். கோயிலில் கண்டது வீட்டுக்குப் போகும். ஆகவே மகோற்சவ காலத்தில் உபயகாரர்களும் அடியார்களும் கருத்திற் கொள்ள வேண்டியவை சில உண்டு.

சோடனைக்குப் பொலித்தீன் பயன்படுத்துவது சமய விழாக்கள் உட்பட எல்லா நிகழ்வுகளிலும் 2017 செப்ரெம்பரில் தடை செய்யப்பட்டது. பிளாஸ்ரிக் மாலைகளும், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியனவும் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடையாயின. தடை இல்லாவிட்டாலும் கூட, வாடாத பூவுக்கு மணம் ஏது? காலையில் மலர்ந்து மாலையில் வாடும் பூவை இறைவன் திருமுடியில் சாத்துவதே பூசை. மாவிலையும் தென்னங்குருத்தோலைத் தோரணமும் குலை வாழையும் கமுகும் தரும் மங்கலத்தைப் பளபளக்கும் தாள் தருவதில்லை. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் ஒரு செங்கல்லும் இன்றி மனத்திலே கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக் குடமுழுக்கு நாளை மாற்றச் சொல்லிவிட்டு, இறைவன் பூசலாரின் மனக்கோயிலுக்கே எழுந்தருளினான். சோடனையின் அளவைக் கொண்டு பக்தியை அளப்பவன் அவன் அல்லன்.

அருச்சனைப் பொருள்கள் ஓலைப்பெட்டியிலோ வெள்ளித் தட்டிலோ வரட்டும். எள்ளெண்ணெய் எரிப்பதற்கு மண் சிட்டி போதும். தண்ணீர்ப் பந்தலில் சில்வர் ரம்ளர்களும் கழுவ இரண்டு தொண்டர்களும் இருந்தால் ஆயிரம் குவளைகள் வீதியில் விழா. மகேசுர பூசையில் வாழையிலை அல்லது தாமரையிலையில் பரிமாறி, முதலில் அளவாக இட்டு, கேட்டபின் மீண்டும் இட்டால் அன்னம் வீணாகாது. உண்ட இலையும் கழிந்த பூவும் நந்தவனத்துக் கும்பிக்குப் போனால், இந்த ஆண்டு சாத்திய பூ அடுத்த ஆண்டு பூக்கும் செடிக்கு உணவாகும். தீர்த்தக் கேணியில் உறைகளும் பழந்துணிகளும் விழாமல் காப்பது தீர்த்தமாடுவோர் ஒவ்வொருவரினதும் கடமை. கோயிலில் எச்சில் உமிழ்தலையும் குற்றமாகச் சைவவினாவிடையிலே எடுத்துச் சொன்ன நாவலர் பெருமான் இன்று இருந்தால், பொலித்தீன் எறிதலையும் அதனோடு சேர்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

"ஒரு வீட்டால் என்ன ஆகும்?"

இக்கேள்வி எங்கும் கேட்கிறது. இதற்குப் பெரியோர் சொல்லும் கதை ஒன்று உண்டு. மன்னன் ஒருவன் இறைவனின் பாலாபிடேகத்துக்காகப் பெரிய கொப்பரை ஒன்றை வைத்து, குடிமக்கள் ஒவ்வொருவரும் இரவில் ஒரு செம்பு பால் ஊற்ற வேண்டும் என்றான். "ஊரெல்லாம் பால் ஊற்றும்போது ஒரு செம்பு தண்ணீர் தெரியவா போகிறது?" என்று ஒருவன் எண்ணினான். விடிந்ததும் பார்த்தார்கள். கொப்பரை முழுவதும் தண்ணீர். எண்ணியவன் ஒருவன் அல்லன், ஊர் முழுவதுமே அப்படி எண்ணியிருந்தது.

கணக்கிலே பார்க்கலாம். ஒரு வீடு நாளொன்றுக்கு இரண்டு பொலித்தீன் பைகளை எறிவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 730. இருநூறு வீடுகள் உள்ள கிராமத்துக்கு 1,46,000. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு ஒரு பிடி சோறு, 50 கிராம், வீணாவதாகக் கொண்டால் அதே கிராமத்தில் ஆண்டுக்கு 3,650 கிலோ. பிடியரிசி சேர்த்துக் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் வளர்த்த மக்களுக்கு ஒரு பிடியின் வலிமையை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உலை வைக்கும்போது தாய்மார் எடுத்து வைத்த ஒரு பிடி சேர்ந்து மூடையானது. எறியும் ஒரு பையும் அப்படியே சேர்ந்து மலையாகிறது. எறியாமல் விட்ட ஒரு பையும் அப்படியே சேர்ந்து நன்மையாகிறது.

அடுத்த முறை சண்டேசுரர் சந்நிதியில் கைதட்டி விடைபெறும் அடியார், "எதையும் எடுத்துச் செல்லவில்லை" என்பதோடு "எதையும் எறிந்துவிட்டுச் செல்லவும் இல்லை" என்றும் மனச்சாட்சியோடு சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும். கோயில் வீதியில் தொடங்கும் அந்த வழக்கம் ஒழுங்கைக்கும் கிணற்றடிக்கும் குசினிக்கும் வந்து சேரட்டும். கிணறுகள் இனிக்கவும், பசுக்கள் பெருகவும், பிள்ளைகள் நோயின்றி வளரவும், ஐம்பூதங்களாய் நின்று அருளும் சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்